ஒரு மிதவைக்கு 400 முடிச்சுகள்

மணிக்கட்டு வலி என்றதும் நம் வாசக வட்டத்தில் பலருக்கும் நினைவுக்கு வருவது கணினியும் கைப்பேசியும்தான். விசைப்பலகையின் உயரம், நாற்காலியின் அமைப்பு என்று இதுகுறித்து நாம் படிக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை மேசைமுன் அமர்ந்தவரையே நோயாளியாகக் கொள்கின்றன. மண்டபம், பாம்பன், இராமேசுவரம் கடற்கரையில் கையை நம்பிப் பிழைக்கும் பெண்களுக்கும் அதே எலும்புகள், அதே நரம்புகள். ஆனால் அங்கே இவ்வலிக்கு நோய் என்ற தகுதி கிடைப்பதில்லை. "கை கடுக்குது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தொழில் என்றால் அப்படித்தான் என்று நாமும் கடந்துவிடுகிறோம். அப்படிக் கடந்துபோவது சரியல்ல என்பதே நம் கருத்து.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி 1700இல் தொழில்நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளி செய்யும் தொழில் என்னவென்று கேட்காமல் மருத்துவம் தொடங்கலாகாது என்று அதில் வலியுறுத்தினார். 1713இல் விரிவாக்கிய பதிப்பில், ஓயாது எழுதும் எழுத்தர்களின் கை சோர்ந்துபோவதையும் பதிவுசெய்தார். மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் எழுதும் கையின் வலி எளிதில் ஏட்டில் ஏறுகிறது. முடிச்சுப் போடும் கையின் வலி வெளியிலேயே நிற்கிறது.

மணிக்கட்டு எட்டுச் சிற்றெலும்புகள் சேர்ந்த இடம். அதன் உள்ளங்கைப் பக்கத்தில் எலும்புகளும் ஒரு வலிய நாரும் சேர்ந்து அமைத்த குறுகிய பாதை உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியே செல்கின்றன. மணிக்கட்டை வளைத்தபடி, விசையோடு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் உள்ளே அழுத்தம் கூடி நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போகும், சுண்டுவிரல் தப்பிவிடும். இரவில் வலி எழுப்பிவிடுவதும், கையை உதறினால் சற்றுத் தணிவதும் இதன் அடையாளங்கள். இன்னொரு வகை, கட்டைவிரலின் அடிப்பக்கம் வரும் வலி. அவ்விரலை இயக்கும் இரு தசைநாண்கள் செல்லும் உறை தடித்துப்போவதால் வருவது. சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் டி குவெர்வேன் 1895இல் விவரித்தது இது. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாரிடமும் இதைக் காணலாம்.

இவ்விரண்டையும் மனத்தில் கொண்டு கடற்பாசி வளர்ப்பைப் பார்ப்போம். இப்பகுதியில் 'பெப்சி பாசி' என்று மக்கள் அழைக்கும் கப்பாபைகஸ், மூன்று மீட்டர் நீள அகலமுள்ள மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படுகிறது. வழக்கமான கணக்கில் ஒரு மிதவைக்கு 20 கயிறுகள், கயிற்றுக்கு 20 விதைத்துண்டுகள். ஆக 400 முடிச்சுகள். ஏறத்தாழ 45 நாளில் அறுவடை. அது முடிந்ததும் மீண்டும் அதே 400. பத்து மிதவை வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சுற்று ஒன்றுக்கு 4,000. ஒவ்வொரு முடிச்சுக்கும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிள்ளிப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு வளைந்து திரும்பி ஈரக்கயிற்றை இறுக்க வேண்டும். மருத்துவ நூல்கள் எச்சரிக்கும் அசைவும் ஏறக்குறைய இதுதான்.

தீவுகளைச் சுற்றி முங்கி, மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் பறிக்கும் பெண்களின் பாடு வேறுவகை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, அலையின் இழுப்புக்கு எதிராக, மூச்சு தாங்கும் நேரத்துக்குள் பாறையிலிருந்து பாசியைப் பிய்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களிலேயே இத்தொழில் என்பதால் முழுச்சுமையும் அந்தச் சில நாள்களில் கையில் இறங்குகிறது. வலையைச் செப்பனிடுவோர், பனையோலை முடைவோர், சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவோர் என்று இம்மாவட்டத்தில் பட்டியல் நீளும்.

தொழில் மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பம், முடக்குவாதம் ஆகியவையும் மணிக்கட்டைத் தாக்கும். 2006இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியா, காய்ச்சல் போன பின்னும் மூட்டுகளில் மாதக்கணக்கில் தங்கியதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். பாறையில் வழுக்கிக் கையூன்றி விழுந்தபின் கட்டைவிரலடிக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அதைச் சுளுக்கென்று நீவிவிடுவது தவறு. அங்குள்ள படகுவடிவ எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம்.

தொடக்கநிலை வலிக்குத் தீர்வுகள் எளியவை. வலி தரும் அசைவைச் சில வாரங்கள் குறைப்பது முதலாவது. மரத்துப்போகும் கைக்கு, மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் அணிவது பலருக்குப் பயன்தரும். வீக்கமிருந்தால் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். மீனுக்கு ஐஸ் உடைக்கும் கரையில் கைக்கும் ஒரு துண்டு கிடைக்காமல் போகாது. கடையில் தாமே வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலிமாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இவற்றால் தீராவிடில் ஊசிமருந்து உண்டு. நரம்பின் அழுத்தத்தை நீக்கச் சிறிய அறுவை சிகிச்சையும் உண்டு. விரல்கள் எந்நேரமும் மரத்துக் கிடந்தாலோ, கட்டைவிரலடிச் சதை வற்றினாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ காத்திருக்கலாகாது.

ஆனால் இத்தீர்வுகளில் முதலாவதான ஓய்வுதான் இக்கரையில் மிக விலையுயர்ந்தது. உலர்ந்த பாசியின் எடைக்குக் காசு என்னும்போது, ஓய்ந்திருக்கும் கைக்குக் கூலியில்லை. எனவே தனியொருத்திக்குச் சொல்லும் அறிவுரையோடு நாம் நின்றுவிட முடியாது; வேலையின் அமைப்பையே கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 127 கோடி ரூபாய்க்கு மேல். மிதவைக்கும் கயிற்றுக்கும் விதைக்கும் கணக்கெழுதும் திட்டங்கள், முடிச்சுப் போடும் மணிக்கட்டுக்கும் ஒரு வரி ஒதுக்கினால் என்ன? விதையைக் குழாய்வடிவ வலைக்குள் நிரப்பி வளர்க்கும் முறை ஏற்கெனவே உண்டு. அதில் துண்டுதுண்டாக முடிச்சிட வேண்டியதில்லை. விளைச்சலும் அலையைத் தாங்கும் திறனும் மட்டுமன்றி, கையின் நலமும் முறைகளை ஒப்பிடும் அளவுகோலாக வேண்டும். கட்டும் வேலையை மணிக்கொரு முறை மாற்றிக்கொள்வதும், பாசிக் காலத்தில் இயன்முறை மருத்துவர் கரைக்கே வருவதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் இடம்பெற்றது. இராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. மேலே சொன்ன இரு மணிக்கட்டு நோய்களையும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இலேயே தன் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே சான்றுக்கும் வாய்ப்புக்கும் குறையில்லை.

நெய்தலுக்கு இரங்கல் என்று உரிப்பொருள் வகுத்தது நம் மரபு. புயலுக்கும் கரைதிரும்பாத படகுக்கும் இரங்கி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். நாளுக்குச் சில நூறு முடிச்சுகளாக மெல்ல மரத்துப்போகும் ஒரு கைக்கு இரங்கல் போதாது. அந்த முடிச்சுகளின் எண்ணிக்கை குறைய வேண்டும்.