குருளைக்கும் தோழமை வேண்டும்

பிற நாய்களோடு பழகவிட்டால் நாயின் வீரம் குன்றும், காவலுக்கு அது உதவாது என்பது எம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் வேரூன்றிய கொள்கை. ஊருக்கு வடக்கேயுள்ள இராசபாளையத்தின் பெயரால் வழங்கும் வெண்ணிற நாயினம், 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையின் தபால் தலையிலும் இடம்பெற்ற சிறப்புடையது. அவ்வினத்துக் குருளையொன்றைக் கொணர்வோர் முதற்கண் வாங்குவது சங்கிலி; பால் கிண்ணம் அதற்குப் பின்னரே. (குருளை என்னும் சொல்லை யாம் வலிந்து புகுத்தவில்லை. நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கன் இளமைக்கும் அப்பெயரைத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துள்ளார். குட்டி எனினும் குற்றமின்று.)

அக்கொள்கை பிழையென்பதே எம் கருத்து. நூலறிவு கொண்டு மட்டும் இதனைக் கூறவில்லை. எம் இல்லத்தில் நேர்ந்த தவறு கொண்டும் கூறுகின்றோம்.

நாற்பது நாட் குருளையாக வந்த எம் நாய்க்கு வெள்ளையன் என்று பெயரிட்டோம். கொல்லைப்புறத்து வேம்பின் அடியில் இரண்டாண்டு கட்டுண்டே அது வளர்ந்தது. தீபாவளி இரவில் வெடியோசைக்கு அஞ்சித் தெருநாய்களெல்லாம் திண்ணையோரம் ஒடுங்கி நடுங்க, வெள்ளையன் மட்டும் அயர்ந்து உறங்கும். அதன் அஞ்சாமையை உறவினரிடமெல்லாம் புகழ்ந்து பேசினோம். ஒருநாள் மாலை, பால்காரர் வாயிற்கதவைத் திறந்த பொழுதில் கழுத்துப்பட்டை நழுவ, அது தெருவிற் பாய்ந்தது. எதிர்வீட்டுத் திண்ணையோரம் கிழட்டுப் பெட்டை நாயொன்று எவரோ இட்ட சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. அது உறுமிற்று, உதட்டைச் சுருக்கிப் பல்லைக் காட்டிற்று. பழகிய நாயாயின் அவ்வளவில் விலகியிருக்கும். வெள்ளையனோ நேரே சென்று சோற்றில் வாய் வைத்தது. மறுகணம் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. பிரிக்கப் புகுந்த பால்காரரின் வலக்கை கிழிந்தது. பெட்டை நாயின் கால் ஒன்று முடமாயிற்று. தெருவார் கல்லெடுத்தது அக்கிழட்டு நாயின்மீதே. குற்றம் புறப்பட்டதோ எம் வாயிலினின்று. தெருநாய் வழக்கு 2025ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வரை சென்று நாடெங்கும் பேசப்பட்டது. அப்பொழுதும் வீட்டுநாயை வளர்த்தவனை எம் தெருவில் எவரும் வினவக் கண்டிலேம்.

பின்னர்க் கால்நடை மருத்துவர் வெள்ளையனின் பின்னே நின்று ஒரு தாம்பாளத்தைத் தட்டினார். அது காதைக்கூட அசைக்கவில்லை. யாம் வீரமென்று போற்றியது செவிடு! நிறந்தரும் நுண்ணணுக்கள் உட்செவியில் இல்லாது போதலால், வெண்ணிற நாய்கள் சில பிறந்த சில வாரங்களிலேயே கேள்வியை இழத்தல் உண்டு. இராசபாளையத்து இனத்திலும் இக்குறை காணப்படுவதே. குருளை வாங்கச் செல்வோர் அதன் பின்னின்று ஒரு தட்டையேனும் தட்டிப் பார்ப்பாராக. எனினும் பழியைச் செவியின்மேற் சுமத்தித் தப்ப யாம் விரும்பவில்லை. உறுமலைக் கேளாவிடினும் சுருங்கிய உதட்டை வெள்ளையன் கண்ணாற் கண்டது. கண்டதன் பொருள் அதற்குத் தெரியவில்லை. அதனைக் கற்பிக்கத்தக்க உடன்பிறப்புக்களினின்று பிரித்துச் சங்கிலியிற் பிணித்தவர் யாமே அன்றோ?

ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ 3ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரையுள்ள காலமே நாய் தோழமை பயிலும் பருவம் எனக் காட்டினர். குருளைகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும், கடி மிகின் மற்றது வீரிட்டு விலகும், விளையாட்டு நின்றுபோகும். வாயின் வலிமையை அடக்க அவை கற்பது இங்ஙனமே.

விளையாட்டையும் சண்டையையும் வேறுபடுத்தி அறிதல் அரிதன்று. முன்னங்கால்களை நீட்டித் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்றல் விளையாட்டிற்கு அழைப்பு. துரத்தியது பின்னர்த் துரத்தப்படுவதும், பெரியது தானே மல்லாந்து சிறியதற்கு இடங்கொடுப்பதும் நற்குறிகள். உடல் விறைத்து, பார்வை நிலைகுத்தி, ஒன்றே ஓயாது மேல்விழுமாயின் ஐயுறுதல் வேண்டும். அதனைச் சற்றே பிடித்து நிறுத்துக. அடங்கியிருந்தது தானாகத் திரும்பிவரின் விளையாட்டு, ஓடியொளியின் அன்று.

புதிய நாய்கள் இரண்டை இறுகப் பிடித்த வாரோடு நேருக்குநேர் நிறுத்துதல் பெரும்பிழை. விலக வழியில்லாத நாய் எதிர்க்கவே செய்யும். இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்திச் சென்று, அவ்விடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். சோறும் எலும்பும் அருகில் இருத்தலாகாது. சண்டை மூண்டால் இடையே கைநீட்டாது நீரை வாரி ஊற்றுக. பல் பட்டுவிடின் புண்ணைச் சோப்பிட்டு ஓடுநீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது மருத்துவமனை சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்டறிக.

நோய்க்கு அஞ்சுவோர் கூறும் தடை மெய்யானதே. பார்வோ என்னும் நச்சுயிர் மண்ணிற் பல மாதம் கிடந்து குருளைகளைக் கொல்லவல்லது. அதற்குரிய ஊசித்தொடர் 6 அல்லது 8ஆம் வாரத்தில் தொடங்கி 16ஆம் வாரத்தளவில் முடிவது. தோழமைப் பருவமோ அதற்குமுன் கழிந்துவிடுகின்றது. ஆதலின் தெருவிலும் சந்தையிலும் விடாது, ஊசியிடப்பெற்ற பொறுமையுள்ள அண்டைவீட்டு நாயொன்றை நம் முற்றத்திற்கு வரவழைத்தலே செய்யத்தக்கது.

காவல் என்னாம் என்பர் சிலர். கட்டுண்ட நாய் கள்வனைக் கண்டு மட்டுமோ குரைக்கின்றது? கொடியில் ஆடும் வேட்டியைக் கண்டும் குரைக்கின்றது. வெள்ளையன் குரைத்தால் எழுந்து பார்ப்பதை எம் வீட்டார் என்றோ விட்டுவிட்டனர்.

இப்பொழுது அதற்குக் கைச்சைகைகள் கற்பித்து வருகின்றோம். காலைதோறும் அண்டைவீட்டுக் கருநாயோடு உடன் நடத்துகின்றோம். உறுமல் கேளாத நாய்க்கு அத்தகைய பொறுமைசாலியன்றித் துணையில்லை. முதலிற் பத்தடியாக இருந்த இடைவெளி ஆறு மாதத்தில் நான்கடியாகியுள்ளது. பால்காரர் இன்றும் வாயிலுக்கு வெளியே நின்றே மணியடிக்கின்றார்.