சிறுவரா, பிள்ளைகளா?

மொழிபெயர்ப்பாளரைத் திணறச் செய்பவை அரிய கலைச்சொற்களே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நாள்தோறும் நாவிற் புரளும் எளிய சொற்களே அவருக்குப் பெருஞ் சோதனையாகின்றன. ஆங்கிலத்துச் 'சைல்ட்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

1989 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கை, பொதுவாக 18 வயது நிரம்பாதார் அனைவரையும் இச்சொல்லாற் சுட்டிற்று. இலங்கை அதனை 1991 இல் ஏற்றது. இங்கே அது 'சிறுவர் உரிமை' ஆயிற்று. தமிழகத்திலோ 'குழந்தைகள் உரிமை' ஆயிற்று. நாம் ஒக்ரோபர் 1 இற் சிறுவர் தினங் கொண்டாடுகின்றோம். அவர்கள் நவம்பர் 14 இற் குழந்தைகள் தினங் கொண்டாடுகின்றனர். ஒரு பொருளுக்கு இரு பெயர் இருப்பதிற் குற்றமில்லை. அப்பெயர்கள் எவரை வெளியே நிறுத்துகின்றன என்பதே வினா.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. யப்பானியரும் இதற்கு உள்ளாயினர். 1994 இல் அந்நாடு உடன்படிக்கையை ஏற்றபோது, அரசாங்க மொழிபெயர்ப்பு 'ஜிதோ' என்னும் சொல்லைக் கையாண்டது. கல்விச் சட்டத்தில் அச்சொல் தொடக்கப் பள்ளி மாணவரையே குறிக்கும். ஆதலின், வீட்டு வழக்கிலுள்ள 'கொதொமோ' என்பதையே பலர் விரும்பினர். 2023 இல் அவ்வரசு இவர்கள் நலனுக்கென அமைத்த முகவரகத்தின் பெயரில், கடினமான சீன எழுத்தின்றி, எளிய ஹிரகானா எழுத்தில் அவ்வீட்டுச் சொல்லே இடம்பெற்றது.

யப்பானியர் ஆரையம்பதியார்க்கு அந்நியரல்லர். 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் அவர்தம் உதவியால் எழுந்ததன்றோ? சொல் விடயத்திலும் அவர்களிடம் நாம் கற்கத்தக்கது உண்டு. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இவ்வூரிற் பதினாறு வயதுப் பெண்ணைக் 'குழந்தை' என்பாரில்லை. 'சிறுமி' என்றால் நகைப்பர். ஆனால் தொட்டிலிற் கிடப்பதும் பிள்ளை, பாடசாலை செல்வதும் பிள்ளை, பூப்பெய்தியவள் 'பெரியபிள்ளை'. படிப்பை நிறுத்தி வேலைக்கோ மணத்துக்கோ அனுப்பப்படும் அபாயத்தில் நிற்பவளும் இவளே. 'சிறுவர் பாதுகாப்பு' என்னும் அறிவிப்பைக் காணும் தாய், அது தன் மகளைப் பற்றியது என்றுணராமலே கடந்து போதல் கூடும்.

நாற்பது வயது மகனும் தாய்க்குப் பிள்ளைதானே என்று சிலர் தடை கூறுவர். மெய்தான். ஆங்கிலச் சொல்லும் யப்பானியச் சொல்லும் அவ்விரு பொருளையும் உடையனவே. அதனால் அங்கே சட்டம் குழம்பிவிடவில்லை. தொல்காப்பிய மரபியலும் இளமைப் பெயர்களுள் 'பிள்ளை'யை வைத்துள்ளது. எனவே இச்சொல் புதுவதுமன்று, கொச்சையுமன்று.

வயதை வரையறுப்பது சட்டத்தின் கடன். உரியவரை அழைப்பது சொல்லின் கடன். 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் பெயரை இன்றே மாற்றவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஊர்தோறும் ஒட்டும் அறிவித்தல்களிலேனும் 'பிள்ளைகள்' என்று எழுதிப் பார்க்கட்டும். தாய்மார் நின்று வாசிப்பர்.