வேப்பிலைக் கொத்தும் தகரத் தடுப்பும்

வைசூரி கண்ட வீட்டின் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகி, அடுப்பிலே தாளிப்பு மணம் எழாதபடி அடக்கி, வெளியூர் உறவினருக்கு வரவேண்டாமென்று சொல்லியனுப்பி, வெளியே போய்வந்தவர் கைகால் கழுவாமல் படுக்கையை நெருங்கலாகாதென்று விதித்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடிகிற வரையில் வீட்டையே ஒரு விரதத்துக்குள் வைத்துக் காத்த நம் முன்னோரின் வழக்கத்தை, மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுவது எளிது. கிருமி என்ற ஒன்றைப் பற்றிய ஞானமே இல்லாத காலத்தில், தொற்றைத் தடுப்பதற்கு வேண்டிய காரியங்களில் பலவற்றை, ஒரு தெய்வத்தின் பெயரைச் சொல்லி ஊர் முழுவதும் மனமொப்பிச் செய்திருக்கிறது என்பதை நிதானமாக எண்ணிப் பார்ப்பவருக்கு அவ்வாறு தள்ளிவிட மனம் வராது.

அந்த வழக்கத்தில் நான் பெரிதும் மதிக்கும் அம்சம், நோய் கண்டவரை யாரும் குற்றவாளியாகப் பார்க்கவில்லை என்பது. 'அம்மா வந்திருக்கிறாள்' என்றார்கள். உடம்பில் எழும்பிய கொப்புளங்களை முத்து என்றார்கள். பாயில் கிடந்த குழந்தை இளநீர் கேட்டாலும் மோர் கேட்டாலும் அம்மனே கேட்டதாகக் கொண்டு, இல்லாத வீட்டாரும் கடன்பட்டாவது வாங்கி வந்து வைத்தார்கள். அயலார் உள்ளே நுழையமாட்டார்கள். வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். விலகி நிற்பதும் வணங்கி நிற்பதும் ஒரே செய்கையில் அடங்கியிருந்த அந்த நாகரிகத்தை, மற்ற நோய்களுக்கு ஆளானவர்களுக்கு நாம் ஏன் அளிக்காமற்போனோம் என்ற கேள்வி என்னை நெடுநாளாக உறுத்துகிறது.

இவ்வாறு சொல்வதனால் பழங்காலத்தைப் பொற்காலமென்று நான் கொண்டாடுவதாக யாரும் கருதவேண்டாம். வேப்பிலை அரிப்பைத் தணித்திருக்கலாம். சாவையும் குருட்டையும் அது தடுக்கவில்லை. அவற்றைத் தடுத்தது அம்மைப்பால். சென்னை ராஜதானியின் சுகாதார அதிகாரியாக இருந்த கிங் என்பவரின் பெயரால் 1899-ல் கிண்டியில் தோன்றிய நிலையத்தில் தயாரான அந்தப் பாலை எடுத்துக்கொண்டு அம்மை குத்துகிறவர்கள் கிராமம் கிராமமாக நடந்தபோது, அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று அஞ்சிப் பிள்ளைகளை ஒளித்துவைத்த தாய்மார்களும் உண்டு. எனினும் தலைமுறைகள் கழிந்து பாரத தேசத்தின் கடைசி வைசூரி நோயாளி 1975-ல் குணமடைந்தார். 1980-ல் உலகத்திலிருந்தே அந்நோய் ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் பிரகடனம் செய்தது.

நோய் போனபின்னும் அதன் பெயரால் ஏற்பட்ட ஆசாரம் போகவில்லை. ஆடி பிறந்துவிட்டால் படப்பையிலும் மணிமங்கலத்திலும் மண்ணிவாக்கத்திலும் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி கட்டி, பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, வெங்காயமும் முருங்கைக்கீரையும் சேர்த்து வருவோர் போவோருக்கெல்லாம் வார்க்கிறார்கள். வரிசையில் நிற்கும் இளைஞர்களில் ஒருவரும் வைசூரியைக் கண்ணால் கண்டவரில்லை. இந்த ஆசாரத்தினால் யாருக்கும் தீங்கில்லை. வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவனுக்கு ஒரு சொம்பு கூழ் கிடைக்கிறது. இது நீடித்து நிற்கட்டும் என்பதே என் விருப்பம்.

காசநோய் என்று நாம் இன்று சொல்லும் க்ஷயரோகத்தின் சரித்திரம் வேறு விதமானது. தட்சனுடைய இருபத்தேழு பெண்களை மணந்த சந்திரன், ரோகிணி ஒருத்தியிடம் மாத்திரம் பட்சபாதம் காட்டியதால் மாமனாரின் சாபத்துக்கு ஆளாகித் தேய்ந்தான் என்ற புராணக் கதையை ஆயுர்வேத ஆசிரியர்களே எடுத்தாண்டு, அந்த நோய்க்கு ராஜயக்ஷ்மா என்று பெயர் வைத்தார்கள். கதை அழகானதுதான். ஆனால் அதனுள்ளே ஒரு விஷமும் இருந்தது: இளைத்து இருமுகிறவன் ஏதோ செய்யத் தகாததைச் செய்தவன் என்ற எண்ணம். குஷ்டத்துக்கும் இதே கதிதான் நேர்ந்தது. வைசூரியில் நோயாளி தெய்வத்தின் இருப்பிடமானான். க்ஷயத்திலும் குஷ்டத்திலும் அவன் பாவத்தின் அடையாளமானான். 1882-ஆம் வருஷம் மார்ச் 24-ஆம் தேதி பெர்லினில் ராபர்ட் கோக் க்ஷயத்துக்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்த பிறகாவது இந்தப் பழி நீங்கியிருக்கவேண்டும். நீங்கவில்லை. குலவழி நோய் என்ற பழைய பயமும், தொற்றுநோய் என்ற புதிய பயமும் ஒன்றுசேர்ந்து, பெண் கேட்டு வருகிற வீட்டாரிடம் மறைக்கவேண்டிய முதல் ரகசியமாக அது ஆகிவிட்டது.

மருந்தில்லாத அக்காலத்தில் வைத்தியர்களுக்குத் தெரிந்த ஒரே உபாயம் நல்ல காற்றும், ஓய்வும், ஊட்டமான உணவும். இங்கிலாந்தில் மென்டிப் குன்றுகளின் மேல் ஒரு சானடோரியம் நடத்திவந்த டாக்டர் சௌரிமுத்து என்ற தமிழர், கணிதமேதை ராமானுஜன் 1917-ல் நோயுற்றபோது அவரைத் தம் நிலையத்தில் வைத்துப் பார்த்தவர். பின்னர் தாய்நாடு திரும்பி, 1928-ல் தாம்பரத்தின் திறந்த வெளியில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு சானடோரியத்தை ஆரம்பித்தார். 1937-ல் அதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்றைக்குப் பெருங்களத்தூரிலிருந்து பல்லாவரம் வரையில் இடைவெளியில்லாமல் வீடு நிறைந்துவிட்ட இந்தப் பிரதேசம், நகரத்தின் புகையும் நெரிசலும் எட்டாத தூரத்தில் இருந்தது என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை, தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கி வேலைக்கு விரைகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? அந்த மருத்துவர் நல்லெண்ணமே வடிவானவர். ஆயினும் அவர் அறிந்த சிகிச்சையில் நோயாளி வீட்டையும் மனைவி மக்களையும் விட்டு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், பிரிந்திருக்கவேண்டியிருந்தது. ஊராரின் கண்ணுக்கு அந்தப் பிரிவு ஒரு நாடுகடத்தலாகவே பட்டது.

ராமானுஜன் 1920-ல் உயிர்நீத்தது சேத்துப்பட்டில். அதே சேத்துப்பட்டில்தான் உலகத்திலுள்ள சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்த ஆராய்ச்சியும் நடந்தது. நம் நகரத்துக்கு இதைவிடப் பெரிய வைத்தியக் கீர்த்தி வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். அப்படியிருந்தும் நம் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களில் அதற்கு உரிய இடம் தரப்படவில்லையே என்று வருந்துகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-ல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவரின் தலைமையில், ஏழை எளியோரான 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலுமாக வைத்து, இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற அதே இரண்டு மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்தார்கள். ஊழியர்கள் சொல்லாமற் கொள்ளாமல் குடிசைகளுக்குப் போய் மீந்திருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் நல்ல சாப்பாட்டினால் எடை கூடினார்கள். வீட்டில் இருந்தவர்களோ அரைவயிற்றுக் கஞ்சியோடு, காற்றோட்டமில்லாத ஒற்றை அறையில், முடிந்தால் வேலைக்கும் போய்க்கொண்டு காலந்தள்ளினார்கள். அவ்வளவு வித்தியாசம் இருந்தும், 1959-ல் முடிவுகள் வெளியானபோது, குணமடைவதில் இரு சாராருக்கும் பெரிய வேற்றுமை இல்லையென்று தெரிந்தது. வீட்டிலேயே நோயாளியை வைத்துப் பார்த்த குடும்பத்தாருக்கு அதனால் அதிகப்படியாக நோய் தொற்றவில்லை என்பதும் தொடர்ந்து கவனித்ததில் உறுதிப்பட்டது. மருந்து முறையாக உள்ளே போகத் தொடங்கிய சில வாரங்களில் நோயாளியின் தொற்றும் தன்மை பெரிதும் அடங்கிவிடுகிறது. கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால் இருமிய நாட்களே அபாயமானவை. ஆகவே நோயாளியை விலக்கி வைப்பதற்கு இருந்த ஒரே நியாயமும் சென்னையின் குடிசைகளில் வைத்தே தீர்ந்துபோயிற்று. இந்த முடிவை ஆதாரமாகக் கொண்டு தேசத்துக்குத் தேசம் வீட்டுச் சிகிச்சைக்கு மாறின. சானடோரியங்கள் மூடப்பட்டன, அல்லது தாம்பரத்தைப் போல் நெஞ்சக நோய் மருத்துவமனைகளாயின.

இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் நம் செங்கல்பட்டு ஜில்லாக் கிராமங்களில் நடந்த பி.சி.ஜி. பரிசோதனையையும் இங்கே நினைவுகூர்வது நம் கடமை. 1968-க்கும் 1971-க்கும் இடையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள், பல வருஷங்கள் கழித்தே பயன் தெரியக்கூடிய ஓர் ஊசிக்குக் கை நீட்டினார்கள். வயது வந்தோரின் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே கிடைத்த விடை. அந்தக் கசப்பான உண்மையை உலகத்துக்குத் தந்தவர்கள், அம்மை குத்துகிறவருக்கு அஞ்சிப் பிள்ளைகளை ஒளித்துவைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

இத்தனைக்கும் பிறகு நம் வீடுகளில் நடப்பதென்ன? படப்பைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டு, ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தம்ளரை நானே எடுக்கப்போனபோது, அந்த வீட்டு அம்மாள் பதறிக்கொண்டு, "ஐயையோ, அது மருமக தம்ளருங்க, அதுல குடிச்சிடாதீங்க" என்றார். ஆறு மாத மருந்து முடிந்து, சளியில் கிருமியில்லையென்று பரிசோதனைச் சீட்டும் வந்த பிறகு நடந்தது இது. காசநோய் காற்றில் பரவுவது. தட்டிலும் தம்ளரிலும் பரவுவதன்று. அந்த மருமகள் சமையலறை வாயிலில் நின்றபடி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாமியாரைக் கொடியவரென்று நான் சொல்லமாட்டேன். மருந்து வேளை தவறாமல் எழுப்பி மாத்திரை கொடுத்தவர் அவரே. அவர் மனத்தில் அந்தத் தம்ளரைத் தனியே கவிழ்த்து வைத்தது, பல நூற்றாண்டுகளாக வந்த பழைய பயம்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் எச்.ஐ.வி. தொற்று இந்த நாட்டில் இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தபோது, அதே பயம் புது உருவத்தில் எழுந்து நின்றது. பல இடங்களில் தொட்டுப் பார்க்கவே தயங்கிய நாட்களில், 1993 முதல் அந்நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு படுக்கை கொடுத்தது தாம்பரம் மருத்துவமனை. 2004 ஏப்ரலில் அரசாங்கத்தின் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய இடங்களிலும் அது ஒன்று. தாதிகளும் கடைநிலை ஊழியர்களும் அங்கே செய்த சேவைக்கு இந்தப் பிரதேசத்தார் அனைவரும் கடமைப்பட்டவர்கள்.

பின்னர் 2020 வந்தது. கொரோனா கண்ட வீடுகளின் வாசலைச் சென்னையில் தகரம் வைத்து அடைத்தார்கள். நோயாளிகளைப் பார்த்து அதனாலேயே இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து துரத்தியது. விலகியிருப்பது அவசியமாயிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. வேப்பிலைக் கொத்து செருகிய காலத்திலும் விலகித்தான் இருந்தோம். வாசலில் நின்று கும்பிட்ட அந்த ஜனங்களின் வழித்தோன்றல்கள் தகரத்தைப் பார்த்து வாளாவிருந்தது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப்பேர் நம் தேசத்தில் இருக்கிறார்கள். 2025-க்குள் நோயை ஒழிப்பதாக அரசாங்கம் செய்த சங்கல்பம் நிறைவேறவில்லை. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் ஒரு நல்ல காரியத்தைச் செய்கிறது: நோய் தெரிந்தவுடன் எடை பார்த்து, மூச்சை எண்ணி, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, நிலைமை மோசமானவரை மட்டும் உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள், மற்றவர்களுக்கு வீடே போதும். ஊட்டத்துக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்துவந்து, 2024-ல் அதை ஆயிரமாக்கியிருக்கிறது.

இவையெல்லாம் இருந்தும், ஒரகடத்து ஆலைகளில் ஒப்பந்தத்தில் வேலை செய்து, படப்பையைச் சுற்றிய வாடகை அறைகளில் ஐந்தாறு பேராக ஒண்டிக் குடியிருக்கும் ஒரு வடநாட்டு இளைஞனோ, தென்மாவட்டத்துப் பிள்ளையோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றாலும் சளிப் பரிசோதனைக்குப் போகத் தயங்குகிறான். தெரிந்தால் மறுநாளே வேலை போகும், அறையும் போகும் என்பது அவனுக்குத் தெரியும். போகாததனால் அவன் மேலும் சில மாதங்கள் இருமுகிறான். அறையிலுள்ள மற்றவர்களுக்கு அதனால்தான் தொற்றுகிறது. ஆகையால் காசநோய் காரணமாக ஒப்பந்தத் தொழிலாளி எவரையும் நீக்கலாகாது, மருத்துவர் தகுதியென்று சொல்லும் நாளில் அதே வேலையைத் திரும்பத் தரவேண்டும், மருந்து வாங்கச் செல்லும் நேரத்துக்குக் கூலி பிடிக்கலாகாது என்ற மூன்று நிபந்தனைகளையும், ஆட்களைச் சேர்த்துவிடும் ஒப்பந்தக்காரர்களின் உரிமத்தோடு தொழிலாளர் துறை சேர்க்கவேண்டும். அறை வாடகைக்கு விடுகிற நம்மவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இருமுகிறவனைக் காலிசெய்யச் சொல்வதற்குப் பதிலாக, அவனைக் கையோடு படப்பை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள், அங்கே சோதனைக்கும் மருந்துக்கும் காசு வாங்குவதில்லை.