சீட் பெல்ட்டை முழுசா இழுங்க தம்பி!

பி.காம். படித்தவனுக்கு டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். டிஃபரன்ஷியல் தெரியுமோ? அந்த அறியாமையோடுதான் போன தை மாசம் அடியேன் பழைய கார் வாங்கக் கிளம்பினேன்.

ஆசைக்காக இல்லை சார். அப்பா திருவையாறு பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். கார்த்திகை மாசத்து மழை ராத்திரி, பதினோரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெரிந்த கார்க்காரர் கல்யாண சவாரிக்குக் கும்பகோணம் போயிருந்தார். கடைசியில் பக்கத்து வீட்டு டிராக்டர் டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி, மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர் வந்து சேர்ந்தோம். பிழைத்துவிட்டார். ஆனால் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்னைவிட்டுப் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து என் மனைவி இரண்டு வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “ஏங்க, இதை பேங்க்ல வெச்சு ஒரு பழைய காரு பாருங்க. பெருசா வேணாம். மாமா படுத்துக்கிற மாதிரி பின் சீட்டு இருந்தா போதும்.”

வளையலும் சம்பா நெல் பணமும் சேர்ந்து ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

புரோக்கர் முதலில் காட்டிய கார் வெள்ளி நிறம். பளபளா! புது சீட் கவர், உள்ளே மல்லிகைப்பூ சென்ட், மீட்டரில் 42,000 கிலோமீட்டர். கூட வந்த மச்சினன் பாட்டுப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அத்தான், முடிச்சிடுங்க! பேஸ் என்னமா அதிருது!” என்றான். நானும் அட்வான்ஸ் பத்தாயிரத்தைச் சட்டைப் பையிலிருந்து பாதி எடுத்துவிட்டேன்.

“கொஞ்சம் இருங்க தம்பி” என்றார் கரந்தை மெக்கானிக் அண்ணன். முப்பது வருஷமாக கிரீஸ் கையோடு காபி குடிக்கிற மனிதர். காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேராக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார், சீட் பெல்ட்டைப் பிடித்தார், இழுத்தார்... இழுத்தார்... ரீலின் கடைசி வரைக்கும் இழுத்தார். கடைசி ஒரு அடியில் பழுப்பாக ஒரு கோடு. வண்டல்!

“இது எந்த ஊர்த் தண்ணிங்க?”

“வாட்டர் சர்வீஸ்ல பட்டிருக்கும்” என்றார் புரோக்கர்.

“ரீலுக்குள்ளயா சர்வீஸ் பண்ணுவாங்க?”

நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். சென்னை நம்பர்.

சங்கதி இதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றன. அப்படி முழுகிய வண்டியை ரிப்பேர் பண்ணினால் கட்டுபடியாகாது என்றால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் கழுவி, காயவைத்து, சென்ட் அடித்து, வெள்ளம் பார்க்காத ஊருக்கு ஓட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? தமிழ்நாட்டுக்குள் கைமாறினால் நம்பரும் மாறுவதில்லை. அது ஒன்றே நமக்கு மிஞ்சும் தடயம். சென்னை நம்பர் எல்லாமே முழுகினது என்று அர்த்தமில்லை. ஆனால் கேள்வி கேட்க வேண்டும்.

அண்ணன் ஸ்டெப்னியைத் தூக்கினார், அடியில் உலர்ந்த சேறு. சீட்டை முன்னே தள்ளினார், தண்டவாளத்தில் துரு. ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் நின்ற அடையாளம் வட்டமாக. “இது இப்ப நல்லாத்தான் ஓடும் தம்பி. ஒயர் முனையெல்லாம் உள்ளுக்குள்ள பச்சை பூத்துக்கிட்டு இருக்கும். ஒரு நாளைக்கு நடுராத்திரில நின்னுடும்” என்றார். நடுராத்திரி என்றதும் எனக்கு டிராக்டர் ஞாபகம் வந்தது. பத்தாயிரம் பைக்குள் திரும்பிப் போனது. ஜூன் 12 ஆனால் மேட்டூரைப் பார்த்து ‘தண்ணி, தண்ணி’ என்று தவம் கிடக்கிற ஊர்தான் நாங்கள். அதுக்காக காருக்குள்ளேயுமா?

“காரைப் பார்க்காதீங்க, அது எங்க குடியிருந்துச்சுன்னு பாருங்க” என்று அண்ணன் டீக்கடையில் வைத்து நடத்திய பாடத்தை இங்கே ஒப்பிக்கிறேன்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்து வண்டி என்றால் கீழே படுத்துப் பார்த்தே ஆகவேண்டும். உப்புக் காற்று மேலே பெயின்ட்டை விட்டுவைக்கும். அடித்தகட்டையும் கதவின் கீழ் விளிம்பையும் அரித்துவிடும். (ராஜாஜி 1930-ல் உப்புக் காய்ச்ச திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே போனார். விவரமானவர்!) ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடியில் ஒட்டிப் பாருங்கள். இரும்பில் ஒட்டும், துருவை மறைத்துக் கனமாகப் பட்டி பூசியிருந்தால் நழுவிவிடும்.

கும்பகோணம் பக்கத்து வண்டிக்கு வேறு ஜாதகம். நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் தரிசிக்க வைக்கிற டாக்ஸிகள் அங்கே ஏராளம். சூரியனார்கோயிலில் ஆரம்பித்து திருநள்ளாறு வரைக்கும் தினம் சுற்றிய மஞ்சள் போர்டு ஒருநாள் வெள்ளை போர்டாக மாறி, ‘டாக்டர் ஓட்டிய வண்டி சார்’ என்று விலைக்கு வரும். டாக்ஸியை விற்பதில் தப்பே இல்லை. டாக்ஸி என்று சொல்லி அதற்கான விலைக்கு விற்கவேண்டும். மீட்டரைத் திருத்திவிடலாம், காலடியை? கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, டிரைவர் சீட் குழிவிழுந்து, மீட்டர் மட்டும் 40,000 என்று சொன்னால் நான் பெடலைத்தான் நம்புவேன்.

மூன்றாவது ஆசாமி எலி. அறுப்பு முடிந்து வயலில் வேலை இல்லாத எலி, நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற காரின் பானட்டுக்குள் குடியேறும். மாசத்துக்கு ஒருதரம் எடுக்கிற மிராசுதார் வீட்டு வண்டி என்று ஆசைப்படாதீர்கள். பானட்டைத் தூக்கி, ஒயர்க் கட்டுகளில் புது டேப் எங்கெங்கே சுற்றியிருக்கிறது என்று பாருங்கள்.

இனி இன்ஜின். முன்கூட்டிச் சொல்லாமல் காலையில் போங்கள். பானட்டில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கணும். சூடாக இருந்தால், உங்களுக்காக ஏற்கெனவே திணறித் திணறி ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே டிகிரி காபி கலரில் வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தால் ஆயிலும் தண்ணியும் கலந்திருக்கிறது. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதையும் விரலால் அமுக்கிப் பார்க்கவும். டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கும். 2316 என்றால் 2016-ன் இருபத்து மூன்றாவது வாரத்தில் பிறந்த டயர். பூ தேயாமல் இருந்தாலும் கிழம் கிழம்தான்.

கிளட்ச்சைச் சோதிக்க மேடு வேணும். நம்ம ஜில்லாவில் மேட்டுக்கு எங்கே போவது? நாத்தங்காலுக்கென்றே சமப்படுத்தி வைத்த பூமி. ரயில்வே மேம்பாலம்தான் எங்கள் கொடைக்கானல். அதில் ஏற்றும்போது இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி ஏறத் தயங்கினால் கிளட்ச் முடிந்தது.

இதெல்லாம் முடிந்து மூன்றாவது வாரம் கிடைத்தது இந்த வண்டி. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் 2012 ஆல்ட்டோ, டிஎன்-49. பார்க்க லட்சணமில்லை, இடது கதவில் மாட்டு வண்டி உரசிய கோடு, மேற்கூரையில் வேப்பம்பிசின். மச்சினன் மூஞ்சியைச் சுளித்தான். ஆனால் வாத்தியார் ஒரு ஃபைலைக் கொண்டு வந்தார். முதல் சர்வீஸிலிருந்து போன மாசத்து பிரேக் ஷூ வரைக்கும் பில், தேதிவாரியாக! என் பி.காம். நெஞ்சு பூரித்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். சுத்தம்.

“ஷாக் அப்சார்பர் போயிடுச்சு தம்பி, விலையில எட்டாயிரம் கழிச்சுக்குங்க” என்று அவராகவே சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். பேரமே நடக்கவில்லை. 2027-ல் பதினைந்து வருஷம் முடிகிறது. அப்போது எஃப்.சி. காட்டி இன்னொரு 5 வருஷத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கிவிட்டார்கள். அதையும் விலையில் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன்.

பரிவாகன் தளத்தில் நம்பரைத் தட்டி இன்ஷூரன்ஸ், அபராதம், கடன் பாக்கி எல்லாம் பார்த்தேன். ஆர்.சி.யில் பேங்க் பேர் இருந்தால், கடன் அடைத்த சான்றும் படிவம் 35-ம் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். பேர் மாற்ற படிவம் 29, 30. நான் வழக்கம்போல, “அடுத்த மாசம் மாத்திக்கலாம் சார்” என்றேன்.

வாத்தியாருக்கு வந்ததே கோபம்! “2018-ல சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிச்சு தெரியுமா? வண்டிய வித்துட்டாலும் ஆர்.சி.யில யார் பேரு இருக்கோ அவர்தான் ஓனர். நீங்க எங்கேயாவது இடிச்சா நஷ்டஈட்டுக்கு என் பென்ஷனுக்கில்ல வருவாங்க? சட்டப்படி நான் பதினாலு நாள்ல எழுதிக் கொடுக்கணும், நீங்க முப்பது நாள்ல. எதுக்கு அவ்வளவு நாள்? நாளைக்கே போவோம்.” மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் குடையோடு எனக்கு முன்னால் நின்றிருந்தார். ஆர்.சி. என் பேருக்கு வரும்வரை தினம் ஒரு போன். இன்ஷூரன்ஸை என் பேருக்கு மாற்றச் சொல்லி ஞாபகப்படுத்தியதும் அவர்தான்.

முதல் சவாரிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். பின் சீட்டில் தலையணை எல்லாம் போட்டு வைத்திருந்தாள் என் மனைவி. அவர் நேராக முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். குடமுருட்டிப் பாலம் வந்ததும், “கண்ணாடியை இறக்குப்பா, ஆத்துல தண்ணி எவ்வளவு போவுதுன்னு பாப்போம்” என்றார்.

வளையல் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. குறுவை வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.