பச்சை விளக்கு எரிந்தால் இலக்கணம் வந்துவிடுமா?

ஒரு மூன்றாம் வகுப்பு. சுவரில் பெரிய திரை. திரையில் ஒரு மரத்தின் படம், கீழே நான்கு பெட்டிகள்: பொருட்பெயர், இடப்பெயர், சினைப்பெயர், குணப்பெயர். ஒரு சிறுமி எழுந்து வந்து முதல் பெட்டியைத் தொடுகிறாள். பச்சை விளக்கு எரிகிறது, கைதட்டல் சத்தம் கேட்கிறது, மூன்று நட்சத்திரங்கள் பறந்து வந்து அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கின்றன. டீச்சருக்கும் மகிழ்ச்சி, தலைமை ஆசிரியருக்கும் மகிழ்ச்சி, பார்வையிட வந்த அதிகாரிக்கு இன்னும் மகிழ்ச்சி!

அடுத்த பாடவேளையில் அதே சிறுமியிடம் பள்ளி வாசலில் நிற்கும் வேப்பமரத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். "வேப்ப மரத்துள காக்க கூடு கட்டி இருக்கு" என்று எழுதித் தருவாள். மரத்துள் காக்கை எப்படிக் கூடு கட்டும்? எதைக் காக்கக் கட்டியது? மரம் பொருட்பெயர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மரத்தைப் பற்றி எழுதத்தான் இன்னும் தெரியவில்லை.

இதை அந்தச் சிறுமியின் குறை என்று யாராவது சொன்னால் அது அநியாயம். அவளிடம் கேட்கப்பட்டது "தொடு" என்பது மட்டும்தான். தொட்டாள்.

கடந்த சில வருடங்களாகத் தமிழ் இலக்கணத்தைச் சிறு பிள்ளைகளுக்குக் கற்றுத்தர ஆளாளுக்குச் செயலியும் விளையாட்டும் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 2018-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோது பாடநூல்களிலேயே க்யூஆர் குறியீடு அச்சாகி வந்தது. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதும் வினாடி வினா இணைப்புகள் பெற்றோரின் வாட்ஸ்அப்பில் குவிந்தன. (வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரிதான் திரும்பி வரும் என்ற சின்ன விஷயத்தை அந்த இணைப்புகளை அனுப்பியவர்கள் பலர் யோசிக்கவில்லை.) இப்போது ஆளுக்கொரு டேப்லட், வகுப்புக்கொரு திரை என்று போய்க்கொண்டிருக்கிறது. கருவி வந்ததில் தப்பே இல்லை. அந்தக் கருவிக்குள் எதைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

பெரும்பாலும் போட்டு வைத்திருப்பது இதுதான்: கோடிட்ட இடம், கீழே விடைகள், மேலே ஓடும் கடிகாரம். பழைய கோனார் உரையின் பின்பக்கத்துக்கு வண்ணம் பூசி, இசை சேர்த்தால் என்ன வருமோ அதுதான் "டிஜிட்டல் இலக்கணம்" என்ற பெயரில் வருகிறது.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். "வ_டி" என்று கொடுத்து ண், ன் என்று இரண்டு விடை வைக்கிறார்கள். பத்துக் கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சராசரியாக ஐந்து சரியாகிவிடும். தப்பானவற்றை மறுபடி தொடச் சொல்லும் செயலி என்றால் இரண்டாவது சுற்றில் நூற்றுக்கு நூறு! சிவப்பு வந்தால் மற்றதைத் தொடு, அவ்வளவுதானே. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சூட்சுமம் இரண்டே நாளில் பிடிபட்டுவிடும். அதைப் பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்தான், ஆனால் அது இலக்கணம் இல்லை.

கடிகாரம் இன்னும் மோசம். வகுப்புகளில் பரவலாகப் பயன்படும் கஹூட் போன்ற விளையாட்டுகளில் சரியான விடையை எவ்வளவு சீக்கிரம் தொடுகிறோமோ அவ்வளவு புள்ளி கூடும். ஊர்களின் தலைநகரத்தைக் கேட்க அது சரி. இலக்கணம் என்பதே ஒரு நிமிடம் நின்று, எழுதியதைத் திரும்பிப் பார்ப்பது. நின்று யோசிக்கிற பிள்ளையைக் கடைசி இடத்துக்குத் தள்ளிவிட்டு, துள்ளித் தொடுகிற பிள்ளைக்குக் கோப்பை கொடுத்தால் அந்த வகுப்பு எதைக் கற்றுக்கொள்ளும்?

சரி, ண-ன விஷயத்துக்கே வரலாம். பெரியவர்களே தடுமாறும் இடம். ஆனால் இதற்கு ஒரு எளிய சாவி தமிழிலேயே இருக்கிறது. ட-வுக்கு முன் வரும் மெல்லினம் ண், ற-வுக்கு முன் வருவது ன், த-வுக்கு முன் வருவது ந். வண்டி, கன்று, பந்து. மூன்றும் இன எழுத்து ஜோடிகள். அதனால்தான் ண-வை டண்ணகரம் என்றும், ன-வை றன்னகரம் என்றும், ந-வைத் தந்நகரம் என்றும் சொல்கிறார்கள். மூன்று சுழி, இரண்டு சுழி என்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. வாயால் சொல்லிப் பார்த்தாலே தெரியும்: "ண்ட்" என்னும்போது நாக்கு போகிற இடம் ஒன்றுதான், அங்கிருந்து "ன்" சொல்ல வராது. இந்தச் சாவியை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டால் மண்டபம், நண்டு, தென்றல், மன்றம் என்று நூற்றுக்கணக்கான சொற்கள் தானாகத் திறக்கும். பத்துக் கேள்வி விளையாட்டோ பத்துச் சொல்லைத்தான் திறக்கும். பதினோராவது சொல்லுக்கு மறுபடி ஊகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சாவியைத் தனக்குள் வைத்திருக்கும் ஒரு டிஜிட்டல் கருவி 1999 முதல் நம் கண்ணெதிரே இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை! அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. அதில் 247 எழுத்துக்கும் விசை கிடையாது. இடது பக்கம் உயிர், வலது பக்கம் பெரும்பாலும் மெய். க தட்டி உ தட்டினால் கு. ம தட்டி ஆ தட்டினால் மா. 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 ஆகும் என்று கரும்பலகையில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதை, விரல் தானாகச் செய்து காட்டிவிடுகிறது.

இன்னும் அழகு அடுத்து வருவதுதான். அதில் க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழுந்து "க்க" ஆகும். அதேபோல ந தட்டி த தட்டினால் "ந்த". ண, ட என்றால் "ண்ட". ன, ற என்றால் "ன்ற". ங்க, ஞ்ச, ம்ப என்று எல்லா இன ஜோடிக்கும் இப்படியே. பந்து என்று எழுத ப, ந, த, உ என்று நான்கு தட்டு போதும், புள்ளி வைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு பிள்ளை வண்டிக்குத் தவறான ன-வைத் தட்டினால் புள்ளி விழாது. "வனடி" என்று திரையில் நிற்கும். மணி அடிக்காது, சிவப்பு எரியாது, எழுத்து பார்வைக்கு ஒரு மாதிரி இருக்கும், அவ்வளவே. பிள்ளை நின்று பார்க்கும். "ஏன் புள்ளி வரலை?" என்று கேட்கும். பாடம் தொடங்குவது அந்தக் கேள்வியில்தான்.

நன்னூல் சொல்லும் இன எழுத்துகள் ஒரு விசைப்பலகைக்குள் உட்கார்ந்திருக்கின்றன. கணினிக்கு இலவசம், ஐபோனில் கூடவே வருகிறது, ஆண்ட்ராய்டில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் எத்தனை தொடக்கப் பள்ளிகளில் இது பாடம்? அங்கே பிள்ளைகள் தட்டுவது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். "பந்து" எழுத ஆங்கிலத்தில் பி, ஏ, என்... தாய்மொழிச் சொல்லை எழுத இன்னொரு மொழியின் எழுத்துக்கூட்டலை நினைவில் வைக்க வேண்டும்! தட்டி முடிப்பதற்குள் மேலே மூன்று சொற்கள் தோன்றும், முதலில் நிற்பதைத் தொட்டால் முடிந்தது. அதாவது எழுதும்போதும் அதே விளையாட்டு. தொடு, நகரு.

வல்லினம் மிகும் இடத்துக்கு வந்தால் இந்த விளையாட்டுகளின் சாயம் முழுதாக வெளுத்துவிடும். "கீரை_கடை: இங்கே க் வருமா, வராதா?" இதற்கு என்ன விடை? சந்தையில் இருப்பது கீரைக்கடை. அம்மா மத்தைக் கையில் கொடுத்துச் சொல்வது "கீரை கடை". இரண்டும் சரி. தந்தத்தால் செய்தது தந்தப் பலகை, யாரோ கொடுத்தது தந்த பலகை. அந்த ஒற்று எழுதுகிறவர் மனத்தில் இருக்கும் பொருளைப் பொறுத்தது. கோடிட்ட இடத்துக்கு மனம் கிடையாது. விளையாட்டைச் செய்தவர் மனத்தில் கடைத்தெரு இருந்தால் பிள்ளை கீரை கடைய முடியாது, சிவப்பு எரிந்துவிடும். பொருளைப் பிரித்துக் காட்டத்தான் இலக்கணம் என்று சொல்லித்தர வேண்டிய இடத்தில், பொருளைப் பற்றிக் கேட்காதே, விடையைத் தொடு என்று பழக்குகிறார்கள்.

திணையும் அப்படித்தான். இழுத்துப் போடும் விளையாட்டு: மாடு அஃறிணைக் கூடைக்குள், ஆசிரியர் உயர்திணைக் கூடைக்குள். இதைச் சொல்லித்தரவே தேவையில்லை என்பதுதான் உண்மை! பள்ளிக்கு வருமுன்பே "அம்மா வந்தாங்க, நாய் வந்துச்சு" என்று பிசகாமல் பேசுகிற பிள்ளை அது. பெயர் தெரியாது, இலக்கணம் தெரியும். சுவையான இடம் வேறு. வீட்டில் தம்பிப் பாப்பாவைப் பற்றி அதே பிள்ளை "பாப்பா தூங்குது" என்று சொல்லும். மனிதக் குழந்தைக்கு எப்படி அஃறிணை முடிவு வந்தது? "குழந்தை அழுதது" என்று பெரியவர்களும்தான் எழுதுகிறார்கள். கதையில் சிங்கராஜா "சொன்னார்" என்று வரும்போது சிங்கம் எந்தக் கூடை? ஒரு நல்ல டீச்சர் கையில் இந்தக் கேள்வி கிடைத்தால் அரை மணி நேரம் வகுப்பே கலகலக்கும். மரியாதை, செல்லம், வயது என்று பேச்சு எங்கெங்கோ போகும். கூடை விளையாட்டில் பாப்பாவை அஃறிணையில் போட்டால் "டொய்ங்" என்று ஒரு சத்தம் வரும். அத்தோடு சரி.

"பிள்ளைகள் ஆர்வமாக விளையாடுகிறார்களே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்துகளை அடையாளம் காண, எழுத்துக்கூட்டலைத் திரும்பத் திரும்பப் பழக இந்த விளையாட்டுகள் உதவும். மறுக்க வேண்டியதில்லை. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்து நடத்தும் பள்ளிகளில் ஒரு வகுப்பு திரையைப் பார்க்கும் நேரத்தில் இன்னொன்றைக் கவனிக்கலாம் என்பதும் நியாயமே. ஆனால் அதற்குப் பெயர் பயிற்சி. அதை இலக்கணம் கற்பித்தல் என்று அறிக்கையில் எழுதும்போதுதான் ஏமாற்று வேலை ஆரம்பிக்கிறது.

இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. அங்கே 2013 முதல் தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில் இலக்கணத்துக்கென்றே தனித் தேர்வு உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உருவான 'இங்லிஷியஸ்' என்ற இணையவழி இலக்கணப் பாடத்தை எடுத்துக்கொண்டு, சுமார் 70 பள்ளிகளில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் 1,700-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். முடிவு 2022-ல் வெளியானது. வழக்கமான பாடம் படித்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், கதை எழுதும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வாக்கியம் அமைப்பதில் லேசான முன்னேற்றம் தெரிந்தாலும் புள்ளியியல் கணக்கில் நிற்கும் அளவுக்கு இல்லை. ஆங்கிலம் வேறு, தமிழ் வேறு என்பது சரிதான். ஆனால் அந்தப் பாடம் வெறும் பொத்தான் விளையாட்டு அல்ல, மொழியியல் தெரிந்தவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது. அதற்கே இந்தக் கதி என்றால், ஒரு வாரத்தில் தயாராகி வரும் "வினைச்சொல்லைக் கண்டுபிடி"க்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

தமிழ்ப் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு மேடு இருக்கிறது. பேசுவது "வந்தாங்க", எழுத வேண்டியது "வந்தார்கள்". "மரத்துல" என்பது "மரத்தில்" ஆக வேண்டும். அந்த வேப்பமரச் சிறுமி விழுந்தது இந்த மேட்டில்தான், பொருட்பெயரில் அல்ல. நான்கு பெட்டி விளையாட்டு இந்த மேட்டுப் பக்கமே போகாது, ஏனென்றால் அதில் பிள்ளையின் பேச்சுக்கு இடமே கிடையாது. ஆனால் சாதாரண போனில் இருக்கும் குரல் பதிவுக்கு அந்த இடம் உண்டு. காக்கைக் கூட்டைப் பற்றிச் சிறுமி அவள் பேச்சிலேயே ஒரு நிமிடம் சொல்லட்டும். அதைத் திரும்பப் போட்டுக் கேட்கட்டும். (தன் குரலைக் கேட்டதும் சிரித்து உருளாத பிள்ளை உண்டா?) பிறகு வரி வரியாக நிறுத்தி, எழுத்துத் தமிழில் தட்டட்டும். "மரத்துல" என்ற இடத்தில் கை நிற்கும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை ஒன்று சொல்லும், இது ஒன்று சொல்லும், இரண்டும் டீச்சரிடம் ஓடும். இதற்குச் செயலி வாங்க வேண்டாம், சந்தா கட்ட வேண்டாம்.

இது ஏன் நடப்பதில்லை என்றால் காரணம் ஒன்றும் ரகசியமில்லை. இதில் மதிப்பெண் தானாக வராது. முப்பது பிள்ளைகளின் முப்பது காக்கைகளை ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். பெட்டி விளையாட்டில் சாயங்காலமே பட்டியல் தயார்: வகுப்புச் சராசரி, முன்னேற்ற வரைபடம், மேலே அனுப்ப ஒரு கோப்பு. திரையில் அளக்க முடிந்ததைக் கற்பிக்கிறார்கள். வாக்கியத்தை அளக்க முடியவில்லை, அதனால் வாக்கியம் வீட்டுப்பாடமாகிவிட்டது, வீட்டில் அதை அக்கா எழுதித் தருகிறாள்.

அடுத்த முறை ஒரு பள்ளிக்குப் புது இலக்கணச் செயலியைக் காட்ட யாராவது வந்தால், அங்கிருக்கும் தமிழ் டீச்சர் ஒன்றே ஒன்று கேட்கலாம்: "இதுல பிள்ளை சொந்தமா ஒரு வரி எழுதுற இடம் எங்கே இருக்கு சார்?" அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பார். நட்சத்திரப் பக்கத்தைக் காட்டுவார், கோப்பைப் பக்கத்தைக் காட்டுவார். பிறகு, "அது அடுத்த வெர்ஷன்ல வருது மேடம்" என்பார்.