டாக்டர், மாஸ்டர்ஜி, டயர் கடை

எந்தக் கண்டுபிடிப்புக்கும் ஒரே ஒரு அப்பாதான் இருக்கவேண்டும் என்று நமக்கொரு பிடிவாதம். 'ஜெய்ப்பூர் கால்' விஷயத்தில் அது சரிப்படாது சார்.

1960-களில் ஜெய்ப்பூர் எஸ்.எம்.எஸ். ஆஸ்பத்திரியில் எலும்பு சர்ஜன், டாக்டர் பி.கே.சேத்தி. காலை இழந்தவர்களுக்கு அப்போது கிடைத்தது வெளிநாட்டு மாடல் செயற்கைக் கால். ஷூ மாட்டினால்தான் நடக்கலாம். நம்ம ஆள் ஷூவா போடுவார்? வயல் சேற்றில் இறங்கணும், கோயிலில் வெறுங்காலோடு போகணும், சம்மணம் போட்டுச் சாப்பிடணும், காலையில் எழுந்ததும் குந்தி உட்காரணும் (எதற்கு என்று விளக்க வேண்டாம்). காலைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, பழையபடி ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டார்கள்.

அதே ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுத்து வந்தவர் ராம்சந்திர சர்மா. கைவினைக் கலைஞர். நாலாங்கிளாஸ் படிப்பு. ஊருக்கே 'மாஸ்டர்ஜி'. கணுக்கால் எப்படி எப்படித் திரும்பும் என்று டாக்டருக்குத் தெரியும், செய்யத் தெரியாது. மாஸ்டர்ஜிக்குக் கையில் எதைக் கொடுத்தாலும் உருவமாக்கத் தெரியும், எலும்புக் கணக்கு தெரியாது. இரண்டு பேரும் தனித்தனியாக இருந்திருந்தால் ஒருவர் நல்ல டாக்டர், இன்னொருவர் நல்ல வாத்தியார். அவ்வளவுதான்.

எதில் செய்வது? ஒருநாள் மாஸ்டர்ஜியின் சைக்கிள் பஞ்சராம். ஒட்டப் போன கடையில் லாரி டயருக்கு ரப்பர் உருக்கிப் புதுத்தோல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிடித்துக்கொண்டார். கால் அச்சோடு திரும்பிப் போனார். உள்ளே ஸ்பாஞ்ச் ரப்பரும் கட்டையும், வெளியே பாதம் மாதிரியே நிறத்தில், விரல்களோடு ரப்பர். 1968-ல் கால் தயார். ஷூ தேவையில்லை. தண்ணீரில் இறங்கலாம்.

1981-ல் மகசேசே விருது, பத்மஸ்ரீ இரண்டும் சேத்திக்கு. நியாயம்தான், ஆனால் முழு நியாயமா? மாஸ்டர்ஜியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? டயர் கடைக்காரரை விடுங்கள்.

சேத்தி செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. பேட்டன்ட் வாங்கவில்லை. எவரும் செய்யலாம், மாற்றலாம். 1975-ல் டி.ஆர்.மேத்தா தொடங்கிய அமைப்பு இதை லட்சக்கணக்கானவர்களுக்கு இலவசமாகவே மாட்டியிருக்கிறது.

அதே 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் ஒரு காலை இழந்தார் சுதா சந்திரன். 1984-ல் மறுபடி மேடையேறினார். 'மயூரி'யில் தன் கதையில் தானே நடித்தார். பரதநாட்டியத்துக்காக யாரும் திட்டம் போட்டுச் செய்த கால் இல்லை அது. வயலுக்குப் போகிறவருக்காகச் செய்தது.