ஏற்றத்தில் ஒரு தனித் தடம்



தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வழியில் உங்களுக்கும் இது நேர்ந்திருக்கும். மலைச்சாலை. முன்னால் மரக்கட்டை ஏற்றிய லோரி ஒன்று முக்கி முனகி ஏறுகிறது. பின்னால் பத்துப் பதினைந்து கார்கள். உள்ளே குழந்தை அழுகிறது. "அவசரப்படாதீங்க" என்கிறார் மனைவி. உங்கள் கண்ணோ வலப்பக்கம் எட்டிப் பார்க்கிறது. எதிரே வளைவு. முந்தலாமா, வேண்டாமா?

இந்த ஒரு நொடியில் எடுத்த முடிவால் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணைந்திருக்கிறது.

லோரிக்காரரைத் திட்டிப் பயனில்லை. கணக்கைப் பாருங்கள். சரக்கோடு 20 டன் எடையுள்ள லோரிக்கு 200 குதிரைசக்தி என்றால், டன்னுக்கு 10தான். ஒரு டன் எடையுள்ள சிறிய காருக்கோ 80 குதிரைசக்தி. நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் உயரும் மேட்டில், அந்த லோரி முழுமூச்சாக ஏறினாலும் மணிக்கு 45 கிலோ மீட்டரைத் தாண்டுவது கடினம். அது சோம்பலல்ல, சுமை!

இதற்குப் பொறியியலாளர்கள் கண்ட வழிதான் ஏற்றத் தடம். மேட்டில் மட்டும் இடப்பக்கம் கூடுதலாக ஒரு தடம் போட்டுவிட்டால் லோரி ஒதுங்கி ஏறும். கார் எதிர்த்திசைக்குள் நுழையாமலே முந்தலாம். கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா நோக்கிக் காராக் நெடுஞ்சாலையில் ஏறுவோர், கனரக வாகனங்கள் இடப்பக்கம் ஒதுங்கி ஊர்வதைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பக்கத்துப் பழைய சாலையில் வளைவுக்கு வளைவு லோரியின் பின்னால் காத்துக் கிடந்தவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

ஆனால், தடத்தை எங்கே முடிப்பது என்பதில்தான் உயிரே இருக்கிறது. சமதரையில் வந்த வேகத்தில் சுமார் 15 கிலோ மீட்டர் குறையும் இடத்திற்குள் தடம் தொடங்கிவிட வேண்டும். மேட்டின் உச்சியிலேயே முடிந்துவிடக் கூடாது. உச்சிக்கு அப்பால் என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. லோரியும் இன்னும் வேகம் பிடித்திருக்காது. உச்சியைத் தாண்டி, அது வேகம் பிடிக்கும் வரை தடம் நீள வேண்டும். மலையை வெட்டி, சரிவைக் கட்டி, கால்வாய் அமைக்கப் பணம் செலவாகும் என்பது உண்மைதான். உயிருக்கு விலை உண்டா?

நம் பங்கும் இருக்கிறது. முந்தாத வேளையில் இடப்பக்கமே செல்லுங்கள். தடம் முடியப்போவதாகப் பலகை அறிவித்த பிறகு, "இன்னும் ஒரே ஒரு லோரி" என்று பாயாதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறையுங்கள். உங்கள் ஊர் மேட்டில் தடம் இல்லையென்றால், ஊரார் கையெழுத்தோடு பொதுப்பணி இலாகாவுக்கு ஒரு மனு அனுப்புங்கள்.

தடம் வரும்வரை? லோரியின் பின்னாலேயே போங்கள். பத்து நிமிடம் தாமதமாக வந்த அப்பாவை எந்தப் பிள்ளையும் கோபித்துக்கொண்டதில்லை.